முதல் பக்கத்தில் யார் பெயர் இருக்கிறது?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாமாக் சாப்பாட்டுக் கடை. என் மச்சினன் தே தாரேக் கிளாஸை ஓரமாகத் தள்ளிவிட்டுக் கைப்பேசியை என் பக்கம் திருப்பினான்.

"மாமா, நீங்கதானே வெப்சைட் செய்றவரு. இத பாத்துச் சொல்லுங்க, நம்பலாமா?"

வாட்சாப்பில் யாரோ அனுப்பிய லிங்க். ஓர் ஆன்லைன் கசினோவின் முகப்புப் பக்கம். தீபாவளி முடிந்து எத்தனையோ மாதமாகிவிட்டது. அங்கே இன்னும் மத்தாப்பு எரிந்துகொண்டிருந்தது, வெல்கம் போனஸ் 100% என்று. அதற்குக் கீழே தங்க எழுத்தில் ஜாக்பாட் தொகை, கண்ணெதிரே ஏறிக்கொண்டே போனது. அதற்கும் கீழே ஒரு பட்டையில், சற்றுமுன் பணம் எடுத்தவர்களின் பாதி மறைத்த போன் நம்பர்கள் வரிசையாக ஓடின.

"ரெஃப்ரெஷ் பண்ணு" என்றேன். பக்கம் மறுபடி வந்தது. ஜாக்பாட் 1,284,306 வெள்ளியில், அதாவது ரிங்கிட்டில், தொடங்கியது. இன்னொரு தடவை பண்ணச் சொன்னேன். மறுபடியும் அதே 1,284,306. பணம் எடுத்தவர்களும் அதே வரிசையில், அதே தொகையோடு வந்து நின்றார்கள்.

இருபது வருஷமாக இந்த ஊரில் கடைகளுக்கும் கல்யாண மண்டபங்களுக்கும் வலைத்தளம் கட்டிக் கொடுத்துப் பிழைப்பவன் நான். அப்படிப்பட்ட கவுண்டரை எழுதப் பத்து வரி போதும். ஓர் எண்ணைக் கொடுத்து ஏறு என்றால் ஏறும். அதற்கும் ஆட்டத்துக்கும் ஒரு சம்பந்தமும் வேண்டாம். நிஜமான ஜாக்பாட் அப்படி இருக்காது. எல்லோரும் போடும் பந்தயத்திலிருந்து சிறு பங்கு சேர்ந்து சேர்ந்து வளர்வது அது. எங்கிருந்து பார்த்தாலும் ஒரே தொகைதான் தெரிய வேண்டும். யாராவது ஜெயித்தாலொழிய பின்னால் போகக் கூடாது.

சரி, பொய்க் கவுண்டரைக் கண்டுபிடித்தாயிற்று. ஆனால் மச்சினன் கேட்டது அதைவிடப் பெரிய கேள்வி. ஒரு சூதாட்டத் தளத்தின் முதல் பக்கம் எப்படி இருந்தால் அதைத் தெளிவானது, நம்பத்தக்கது என்று சொல்லலாம்?

நமக்குத் தெரிந்த இடத்திலிருந்து தொடங்குகிறேன். கெந்திங் மலைக்குப் போகாத கோலாலம்பூர்க் குடும்பம் குறைவு; பிள்ளைகள் விளையாட்டுப் பூங்காவுக்குப் போவார்கள், பெரியவர்களில் சிலர் காணாமல் போவார்கள். தொழிலதிபர் லிம் கோ தோங் 1969இல் அங்கே கசினோ நடத்த உரிமம் வாங்கினார். இன்று வரை நாட்டில் சட்டப்படி நடக்கும் ஒரே கசினோ அதுதான். அங்கே வாசலில் காவலர் நிற்கிறார். 21 வயதுக்குக் கீழ் என்றால் உள்ளே விடமாட்டார்கள், முஸ்லிம்களுக்கும் அனுமதி இல்லை. உள்ளே சில்லுகளைப் பணமாக மாற்றும் கவுண்டர் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இருக்கிறது. தகராறு வந்தால் சட்டையைப் பிடிக்க ஒரு கட்டடமாவது இருக்கிறது.

நாலு நம்பர்க் கடை, அதாவது நாலு இலக்க லாட்டரி விற்கும் கடை, இன்னும் எளிது. பரிசுப் பட்டியல் ஊருக்கே தெரியும்: 1 வெள்ளிக்குப் 'பெரிசு' என்ற வகைச் சீட்டு எடுத்தால் முதல் பரிசு 2,500, இரண்டாவது 1,000, மூன்றாவது 500, பத்து சிறப்புப் பரிசுகள் தலா 180, பத்து ஆறுதல் பரிசுகள் தலா 60. கூட்டினால் 6,400. மொத்தம் 10,000 எண்கள். அப்படியென்றால் போடும் ஒவ்வொரு வெள்ளியிலும் சராசரியாக 64 காசுதான் ஆட்டக்காரர்களிடம் திரும்புகிறது. மோசமான பேரம்தான். ஆனால் எவ்வளவு மோசம் என்பதை பென்சிலும் பழைய ரசீதின் பின்பக்கமும் இருந்தால் யாரும் கணக்குப் போட்டுவிடலாம். எண் கனவில் வந்தது, கார் விபத்தில் வந்தது என்று அலையும் எங்கள் பக்கத்து வீட்டு அங்கிளுக்குக் கூட அந்தப் பட்டியல் மனப்பாடம்.

இணையக் கசினோவில் வாசல், கவுண்டர், பரிசுப் பலகை எல்லாமே ஒரே பக்கம். அதனால் அந்தப் பக்கம் பணம் கேட்பதற்கு முன்பே சிலவற்றைச் சொல்லியாக வேண்டும்: நடத்துவது யார், எந்த நாட்டுச் சட்டத்துக்குப் பதில் சொல்கிறார்கள், ஆட்டத்தில் வீட்டுக்காரன் பங்கு (கசினோவுக்கு மிஞ்சுவது) எவ்வளவு, போட்ட பணம் எப்படி வெளியே வரும். இதில் நடத்துவது யார் என்பதைத்தான் நான் முதலில் தேடுவேன். அதற்குப் பதில் இல்லையென்றால் மற்றதெல்லாம் வெறும் அலங்காரம்.

அந்தப் பதில் இருக்கும் இடம் பக்கத்தின் அடிப்பகுதி. பிரிட்டனில் இதற்கு விதியே உண்டு. அங்கே சூதாட்ட ஆணையத்தின் உரிமம் பெற்ற தளம், தான் உரிமம் பெற்றது என்பதையும் ஆணையத்தில் தனக்குள்ள கணக்கு எண்ணையும் தளத்தில் போட்டு, ஆணையத்தின் பொதுப் பதிவேட்டுக்கு லிங்க் கொடுக்க வேண்டும். அந்தப் பதிவேட்டில் நிறுவனத்தின் பெயர், அது நடத்தும் இணைய முகவரிகள், முன்பு ஏதாவது தண்டனை வாங்கியிருந்தால் அதுவும் இருக்கும். நிறுவனம் திவாலானால் ஆட்டக்காரர்களின் பணத்துக்கு எவ்வளவு பாதுகாப்பு என்பதையும் சொல்லியாக வேண்டும். பாதுகாப்பே இல்லையென்றால் இல்லை என்று எழுத வேண்டும். புகார் தீராவிட்டால் எடுத்துப் போக ஒரு மூன்றாம் தரப்பின் பெயரும் வேண்டும். மால்ட்டாவிலும் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான்.

கியூராசாவ் கதை வேறு. கரீபியன் கடலில் இருக்கும் அந்தச் சின்னத் தீவில் நெடுங்காலம் சில தாய் உரிமங்கள் மட்டும் இருந்தன. அவற்றை வைத்திருந்தவர்கள் உள்ளுரிமம் என்று கிளை கிளையாகக் கொடுத்துக்கொண்டே போனார்கள். யார் யாருக்குப் பொறுப்பு என்று வெளியாள் கண்டுபிடிப்பது பெரும்பாடு. 2024 டிசம்பரில் புதுச் சட்டம் வந்து அந்த முறையை மாற்றியது. இப்போது நடத்துபவரே நேராக ஆணையத்திடம் உரிமம் வாங்க வேண்டும். பழைய உள்ளுரிம எண்ணை இன்றும் அடிவரியில் போட்டிருக்கும் தளத்தைப் பார்த்தால், அது யாரோ கழற்றிப்போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு நிற்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

மச்சினன் காட்டிய பக்கத்தின் அடியிலும் மூன்று முத்திரைகள் இருந்தன. விரலை வைத்துத் தட்டினான். ஒன்றும் நடக்கவில்லை. அழுத்திப் பிடித்தான், படத்தைச் சேமிக்கவா என்று கைப்பேசி கேட்டது. வெறும் படம். சில தளங்கள் இதைவிடச் சாமர்த்தியமானவை. தட்டினால் ஒரு சான்றிதழ் திறக்கும், பச்சை டிக் எல்லாம் இருக்கும். மேலே முகவரியைப் பார்த்தால் அதே தளத்தின் முகவரி அல்லது அன்று காலையில் வாங்கிய ஏதோ ஒரு முகவரி. அதனால் தளம் கொடுக்கும் லிங்க் வழியாகப் போகாமல், ஆணையத்தின் தளத்தை நாமே தேடித் திறந்து, அங்கே இந்த முகவரி எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெயர் ஒத்துப்போனால் போதாது, முகவரியே ஒத்துப்போக வேண்டும்.

இங்கேதான் நம் ஊர்ச் சிக்கல் வருகிறது. மலேசியாவில் ஆன்லைன் கசினோவுக்கு உரிமம் என்று ஒன்றே கிடையாது. நம் சூதாட்டச் சட்டங்கள் இணையம் பிறப்பதற்கு முன்பு எழுதியவை: 1952இல் லாட்டரிச் சட்டம், 1953இல் பந்தயச் சட்டமும் பொதுச் சூதாட்ட விடுதிகள் சட்டமும். அந்த விடுதிச் சட்டத்தில், ஆடிப் பிடிபடுகிறவருக்கே 5,000 வெள்ளி வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ உண்டு. முஸ்லிம்களுக்கு இதன்மேல் ஷரியா சட்டமும் இருக்கிறது.

அதனால் வழக்கமான அறிவுரை இங்கே தலைகீழாகிறது. ஒரு தளம் எவ்வளவுக்கு நம் ஊருக்கென்றே தைத்தது போல் இருக்கிறதோ, அதாவது வெள்ளியில் கணக்கு, உள்ளூர் டூயிட்நவ் பரிமாற்றத்தில் பணம், தமிழில் வணக்கம், தைப்பூசத்துக்கு ஒரு சலுகை, அவ்வளவுக்கு அது சட்டத்துக்கு வெளியே நிற்கிறது. அடியில் இருக்கும் வெளிநாட்டு உரிமம் உண்மையாகவே இருந்தாலும், கோலாலம்பூர் செந்தூலில் இருப்பவர் தன் 800 வெள்ளிக்காக எந்த வாசலில் போய் நிற்பார்? இங்கே காவல் நிலையத்துக்குப் போனால் தான் ஆடியதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். இது அந்தத் தளங்களை நடத்துபவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

முகவரி மாறிக்கொண்டே இருப்பதற்கும் இதுதான் காரணம். எம்சிஎம்சி, அதாவது தொடர்பு பல்லூடக ஆணையம், இப்படிப்பட்ட தளங்களை முடக்கச் சொல்லி இணையச் சேவை நிறுவனங்களுக்கு உத்தரவு போடுகிறது. முடங்கியதும் பெயரின் வாலில் ஓர் எண்ணைச் சேர்த்து அதே பக்கம் வேறு முகவரியில் எழும். '88' போய் '288' வரும், அப்புறம் '388'. "இது எங்கள் புதிய லிங்க், பழையது பராமரிப்பில் உள்ளது" என்று ஏஜென்ட் செய்தி அனுப்புவார். இதில் இன்னொரு வினை இருக்கிறது. அசலே இப்படி வாரத்துக்கு ஒரு முகவரி மாறினால், போலி அதே படங்களோடு நடுவில் நுழைந்தால் யார் கண்டுபிடிப்பது? நான் ஒரு கடைக்குத் தளம் செய்தால், பத்து வருஷம் ஆனாலும் முகவரியை மாற்றாதீர்கள் என்றுதான் சொல்வேன். முகவரிதான் கடையின் முகம்.

பூட்டுப் படத்தைப் பற்றியும் கேட்டான். அது நமக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதை மட்டும் சொல்லும். மறுமுனையில் இருப்பவர் திருடனா என்று சொல்லாது. சான்றிதழ் இப்போது இலவசமாகவே கிடைக்கிறது. மக்கள் அதைத் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள் என்றுதான் குரோம் உலாவி 2023இல் அந்தப் பூட்டையே எடுத்துவிட்டது.

ஆட்டம் தயாரிக்கும் நிறுவனங்களின் லோகோ வரிசையும் அப்படித்தான், யாரும் வெட்டி ஒட்டலாம். ஈகோக்ரா, ஜிஎல்ஐ மாதிரி பரிசோதனைக் கூடங்கள் உண்மையில் இருக்கின்றன. ஆட்டத்தில் வரும் எண்கள் தற்செயலாகத்தான் வருகின்றனவா என்று சோதித்துச் சான்றிதழ் கொடுப்பவை. அந்த முத்திரையும் அவர்களுடைய தளத்தில் இருக்கும் சான்றிதழுக்குக் கொண்டுபோகவில்லையென்றால் ஸ்டிக்கர்தான்.

கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது போனஸ். மச்சினனை இழுத்ததும் அதுதான். 100 வெள்ளி போட்டால் இன்னொரு 100 சும்மா. பேனரில் இருப்பது அவ்வளவுதான். ஒரு சின்ன நட்சத்திரக் குறி, அதைத் தேடிப்போனால் ஆங்கிலத்தில் நீளமாக ஒரு பக்கம், அதில் பாதி தூரம் போனால் ரோல்ஓவர் 30 மடங்கு என்று ஒரு வரி. போட்ட பணமும் போனஸும் சேர்ந்து 30 மடங்கு பந்தயம் கட்டிய பிறகுதான் பணத்தை எடுக்கலாம்.

டிஷ்யூ பேப்பரில் கணக்குப் போட்டுக் காட்டினேன். கையில் 200. முப்பதால் பெருக்கினால் 6,000 வெள்ளிக்கு ஆடியாக வேண்டும். சக்கரம் சுற்றும் ஸ்லாட் ஆட்டத்தில் ஆட்டக்காரருக்குத் திரும்பும் விகிதம் 96% என்று வைத்துக்கொள்வோம், தாராளமான விகிதம்தான். வீட்டுக்காரன் பங்கு 4%. 6,000இல் 4% என்றால் 240. கையில் இருப்பதோ 200. ஆக, சராசரியாகப் பார்த்தால் நிபந்தனை முடிவதற்குள் போனஸும் போய்விடும், போட்ட நூறும் போய்விடும். யாரோ ஒருவருக்கு அதிர்ஷ்டம் அடித்துத் தப்பிக்கலாம். அவருக்கென்று அதிகபட்சம் இவ்வளவுதான் எடுக்கலாம் என்று இன்னொரு வரி வைத்திருப்பார்கள்.

"அப்ப ஃப்ரீ பணம் இல்லையா மாமா?"

"உன் நூறு வெள்ளியைப் பூட்டி வைக்க அவன் வாங்குன பூட்டுடா அது."

பிரிட்டனில் 2026 ஜனவரி 19 முதல் இந்த மடங்கு பத்துக்கு மேல் போகக் கூடாது என்று விதி. அதே கணக்கைப் பத்து மடங்குக்குப் போட்டால் 2,000க்கு 80 வெள்ளி நஷ்டம்; போனஸில் கொஞ்சமாவது மிஞ்சும். தெளிவான முகப்புப் பக்கம் என்றால் எனக்கு இதுதான்: போனஸ் என்று எழுதும் அதே எழுத்தளவில், அதே மொழியில், அதே இடத்தில் இந்த மடங்கும் இருக்க வேண்டும்.

96% என்பதை நாலு நம்பரின் 64%உடன் ஒப்பிட்டு, ஸ்லாட்தான் நல்லது என்று வாதாடுபவர்கள் உண்டு. அதே மேசையில் ஓர் அண்ணன் வாதாடினார். அவர் மறந்தது வேகத்தை. நாலு நம்பர் புதன், சனி, ஞாயிறு, எப்போதாவது செவ்வாயில் சிறப்புக் குலுக்கல். வாரத்துக்குப் பத்து வெள்ளி போடுகிறவர் சராசரியாக 3 வெள்ளி 60 காசு இழப்பார். ஸ்லாட்டில் நிமிடத்துக்குப் பத்து சுற்று, சுற்றுக்கு ஒரு வெள்ளி என்றால் ஒரு மணி நேரத்தில் 600 வெள்ளி பந்தயம், 24 வெள்ளி நஷ்டம். விகிதம் சின்னது, சக்கரம் நிற்பதில்லை. இதனால்தான் பிரிட்டனில் 2021இல் ஸ்லாட் சுற்றுக்கு குறைந்தது 2.5 வினாடி என்று கட்டாயமாக்கி, தானாகச் சுற்றும் வசதியை நிறுத்தி, எவ்வளவு இழந்தோம், எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதைத் திரையிலேயே காட்டச் சொன்னார்கள். மச்சினன் காட்டிய பக்கத்தில் தானாகச் சுற்றும் வசதி ஒரு பெருமையாகவே விளம்பரமாகி இருந்தது.

பந்து உருளும் ரூலட் சக்கரத்தை விரலால் பெரிதாக்கிப் பாருங்கள், ஒரு பூஜ்யமா இரண்டா என்று. ஒரு பூஜ்யம் என்றால் 37 அறைகள், வீட்டுக்காரன் பங்கு 2.7%. இரண்டு என்றால் 38, பங்கு 5.26%. ஓர் எண்ணில் கட்டி ஜெயித்தால் இரண்டிலும் ஒரு வெள்ளிக்கு 35தான் கொடுக்கிறார்கள். ஆட்டத்தின் விதி அந்தப் படத்திலேயே இருக்கிறது, பல தளங்கள் அதைச் சுட்டிக்காட்டுவதில்லை, அவ்வளவுதான்.

அப்புறம் பணம் போகும் வழி. டெப்பாசிட் பொத்தானை எண்ணினோம்: முதல் பக்கத்தில் மட்டும் ஐந்து இடத்தில், அதில் ஒன்று எவ்வளவு கீழே இறங்கினாலும் கூடவே மிதந்து வந்தது. வித்ட்ரா என்ற வார்த்தை முதல் பக்கத்தில் எங்கும் இல்லை. என் தொழிலில் இதைத் தற்செயல் என்று சொல்ல முடியாது. எதைப் பெரிதாக வைப்பது, எதை மூன்றாவது மெனுவுக்குள் தள்ளுவது என்று யாரோ உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார்கள். அடையாள அட்டை கேட்பதும் இப்படித்தான்: பணம் போடும்போது போன் நம்பர் போதும், எடுக்கும்போதுதான் அட்டையின் முன்பக்கம், பின்பக்கம், முகத்தோடு ஒரு படம் எல்லாம் வேண்டும். பிரிட்டனில் 2019 மேயிலிருந்து வயதையும் அடையாளத்தையும் ஆடும் முன்பே சரிபார்க்க வேண்டும். முன்பே கேட்டிருக்கக்கூடிய ஆவணத்தைப் பணம் எடுக்கும் நேரத்தில் கேட்டு இழுத்தடிக்க முடியாது.

மிதக்கும் பொத்தானைத் தட்டினான். வங்கிக் கணக்கு எண் ஒன்று வந்தது, பக்கத்தில் ஒரு தனி ஆளின் பெயர். கம்பெனிப் பெயர் இல்லை. பக்கத்தை மறுபடி திறந்தால் வேறு ஒருவர் பெயர். இவை பெரும்பாலும் வாடகைக் கணக்குகள், நம் ஊரில் மியூல் கணக்கு என்கிறோமே அது. மாதம் சில நூறு வெள்ளிக்காக ஏடிஎம் கார்டைக் கொடுத்த ஏதோ ஒரு மாணவனோ கந்துவட்டிக்கார ஆலோங்கிடம் கடன் பட்டவரோ. 2024இல் தண்டனைச் சட்டத்தைத் திருத்தி, கணக்கை இப்படிக் கைமாற்றுவதையே தனிக் குற்றமாக்கியிருக்கிறார்கள். போலீஸின் செமாக் மியூல் தளத்தில் கணக்கு எண்ணைப் போட்டால், அதன்மேல் புகார் இருக்கிறதா என்று காட்டும். நாங்கள் போட்டுப் பார்த்த முதல் எண்ணில் ஒன்றும் இல்லை. புதிய கணக்கு என்றால் அப்படித்தான் இருக்கும், சுத்தம் என்று அர்த்தமில்லை. ஏமாந்து பணம் போய்விட்டால் தாமதிக்காமல் மோசடிப் புகாருக்கான 997ஐ அழைக்க வேண்டும், பணம் அடுத்தடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள்.

தமிழைப் பற்றி ஒரு வார்த்தை. மேலே பேனரில் தமிழ், நடுவில் மலாய், நிபந்தனைகள் ஆங்கிலம். இழுக்க வேண்டிய இடத்தில் தாய்மொழி, கட்டிப்போட வேண்டிய இடத்தில் வக்கீல் மொழி. பேனரில் 'வைப்பு செய் இப்போது' என்று எந்திரம் மொழிபெயர்த்த தமிழ்தான். அதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. மச்சினன் சிரிக்கவில்லை. "நம்ம பாஷைல போட்டிருக்கான் பாருங்க" என்றுதான் முதலில் சொல்லியிருந்தான்.

கடைசியாக, வலது மூலையில் ஒரு பெண் படத்தோடு மிதந்துகொண்டிருந்த சாட் பெட்டியைத் திறக்கச் சொன்னேன். 24 மணி நேரச் சேவை என்று எழுதியிருந்தது. "உங்கள் கம்பெனியின் பதிவுப் பெயர் என்ன, உரிம எண் என்ன?" என்று அவனே தட்டெழுதினான். மூன்று புள்ளிகள் துள்ளின, நின்றன, மறுபடி துள்ளின. பதில் வந்தது.

"ஹாய் பாஸ்! எந்த பேங்க் யூஸ் பண்றீங்க?"